ஜெயித்தவருக்கு 24-ஆவது இடம்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: எங்கள் ஆபீஸுக்கு வரும் எலக்ட்ரீஷியன் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் ரக்பி ஆடுகிறான். "நான் ஆடுவது லீக், யூனியன் இல்லை" என்று என்னை ஒவ்வொரு தடவையும் திருத்துகிறான். அப்படி என்ன பெரிய வித்தியாசம்? (வாசகி, லீட்ஸ்)

பதில்: கோபப்படாதீர்கள், அந்தத் திருத்தத்துக்கு 130 வயது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்பீல்டு ஊரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடித்தான் வட இங்கிலாந்து கிளப்புகள் யூனியனை விட்டுத் தனிக்குடித்தனம் போயின, அந்தக் குடித்தனம்தான் லீக். சண்டை கூலிக்காக. அப்போதெல்லாம் சனிக்கிழமையும் சுரங்கம் உண்டு, மில் உண்டு, ஆட வந்தால் அன்றைய கூலி போச்சு. அதை ஈடுகட்ட 6 ஷில்லிங் வரை கொடுக்கிறோம் என்றன கிளப்புகள். காசு வாங்கி ஆடினால் ஆட்டத்தின் கௌரவம் கெட்டுவிடும் என்றார்கள் தெற்குப் பக்கத்துக் கனவான்கள். கௌரவம் பார்க்க முதலில் கையில் நாலு காசு வேண்டும், அது அவர்களிடம் இருந்தது. யூனியன்காரர்கள் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது 1995-இல், சரியாக நூறு வருஷம் கழித்து!

பிரிந்த பிறகு ஆட்டமும் மாறிவிட்டது. யூனியனில் 15 பேர், லீக்கில் 13. பந்தோடு ஓடுகிறவனை மடக்கிவிட்டால் மேலே விழுந்து குவிவதெல்லாம் இல்லை. அவன் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டி விடுவான், ஆட்டம் தொடரும். அப்படி ஆறு தடவை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு யூனியனைவிட இது சீக்கிரம் பிடிபடும் என்பது என் கட்சி.

கேள்வி: 2023-இல் லண்டன் அணி இரண்டாம் டிவிஷனை ஜெயித்தும் பலனில்லாமல் போனதாகப் படித்தேன். ஜெயித்த பிறகு எப்படிப் பலனில்லாமல் போகும்? (வாசகர், கோவை)

பதில்: நானும் இதைக் கேட்டுத்தான் புலம்பிக்கொண்டிருக்கிறேன். ரக்பி லீக்கின் உச்சப் படி சூப்பர் லீக், அதற்குக் கீழ்ப்படி சாம்பியன்ஷிப். அந்த வருஷம் 14 அணிகள், ஆளுக்கு 27 ஆட்டம், முதல் ஆறு இடத்தார் பிளே-ஆஃப். லண்டன் பிராங்கோஸ் வந்தது ஐந்தாவதாக. பார்ட் டைம் அணி. ஐந்தாம் இடம் என்பதால் சொந்த மைதானத்தில் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை, மூன்றையும் அடுத்தவர் வீட்டில் போய்த்தான் ஆட வேண்டியிருந்தது. ஷெபீல்டில் ஜெயித்தார்கள். அரையிறுதியில், வருஷம் முழுக்க எல்லாரையும் துவைத்துப் போட்டு முதலிடத்தில் நின்ற பெதர்ஸ்டோனை அவர்கள் ஊரிலேயே 36–26. அப்புறம் பிரான்ஸுக்குப் போய் இறுதி ஆட்டத்தில் துலூஸை 18–14. சூப்பர் லீக்குக்கு டிக்கெட் கிடைத்தது.

அதே அக்டோபரில் இன்னொரு பட்டியல் வந்தது. ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிகக் கம்பெனியின் யோசனைப்படி கிளப்புகளுக்கு 20-க்கு மார்க்: ரசிகர் கூட்டம், ஆட்டம், வரவு செலவு, மைதானம், ஊரோடு உறவு என்று தலைப்பு தலைப்பாக. ஆட்டத்துக்கு அதில் 5 மார்க்தான். லண்டன் வாங்கியது 8.07, பட்டியலில் 24-ஆவது இடம். 2025 முதல் யார் மேலே, யார் கீழே என்பதை இந்த மார்க்கே தீர்மானிக்கும் என்று முடிவாகியிருந்ததால், 2024 சீசனில் முதல் பந்தை உதைக்கும் முன்பே வருஷக் கடைசியில் இறங்கப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். முகூர்த்தம் குறிக்கும்போதே விவாகரத்துக்கும் நாள் குறித்த மாதிரி. அந்த வருஷம் 27-இல் 3 ஆட்டம் ஜெயித்தார்கள், இறங்கினார்கள்.

கணக்குப் பார்க்கும் கிளப் வேண்டும் என்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை, திவாலான கிளப்புகளை நிறையப் பார்த்த ஆட்டம் இது. ஆனால் எனக்கு லண்டனைவிடப் பாவமாகத் தெரிவது பெதர்ஸ்டோன். பழைய நிலக்கரிச் சுரங்க ஊர், சின்ன ஊர், லீக்கின் பழைய நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையை மூன்று தடவை தூக்கிய ஊர். பிளே-ஆஃபில் பார்த்தால், 2019 இறுதி ஆட்டத்தில் டொரான்டோவிடம் தோல்வி, 2021 இறுதி ஆட்டத்தில் துலூஸிடம், 2022 அரையிறுதியில் பாட்லியிடம், 2023-இல் லண்டனிடம். பிப்ரவரியில் உறையும் சேற்றில் ஆரம்பித்து செப்டம்பர் வரை உருண்டு சம்பாதித்ததெல்லாம் ஒரே ஆட்டத்தின் எண்பது நிமிஷத்தில் போய்விடும்.

கேள்வி: இந்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் எவ்வளவு? (வாசகர், விருதுநகர்)

பதில்: சாம்பியன்ஷிப்பில் பெரும்பாலோருக்கு வேலையை விடும் அளவுக்கு இல்லை. ஆசிரியர், பிளம்பர், கட்டட வேலைக்காரர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். ஜெயித்தால் கூடுதல் காசு உண்டு பல கிளப்புகளில். துலூஸும் அதே டிவிஷனில் இருந்த வருஷங்களில் விமானம் ஏற லீவு கேட்க வேண்டியிருந்தது, திங்கட்கிழமை வீங்கிய விரலோடு ஸ்பேனர் பிடிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ராக்பியா, ரக்பியா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ரக்பி. அது ஒரு ஊர்ப் பெயர்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எந்த அணி? (வாசகி, மதுரை)

பதில்: பாட்லி. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், மைதானம் சாய்ந்திருக்கும். ஒரு தடவை அங்கே மேட்டுப் பக்கம் நின்று, பேப்பர் கப்பில் டீயோடு பார்த்தேன். யாரோ நழுவவிட்ட பந்து, காற்றே இல்லை, தானாகக் கீழ்மூலையைப் பார்த்து உருண்டுபோக, வெளியூர் ஆள் ஒருவர் நேராக ஓடி ஏமாந்தார், உள்ளூர்க்காரர் மெதுவாக நடந்து மூலையில் போய் நின்று எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

1897-இல் முதன்முதல் சேலஞ்ச் கோப்பையை ஜெயித்ததும் இந்த பாட்லிதான், செயின்ட் ஹெலன்ஸை 10–3. ஆனால் பின்னாளில் இறுதி ஆட்டங்கள் நடந்த லண்டன் வெம்ப்ளி மைதானமே அப்போது கட்டப்படவில்லை. பாட்லி முதன்முதலாக வெம்ப்ளியில் கால் வைத்தது 2023 ஆகஸ்டில், கீழ் டிவிஷன்களுக்கென்று நடத்தும் 1895 கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு. ஹாலிபாக்ஸிடம் 12–10, தோல்வி. வெம்ப்ளி தரை சமதளம் என்பதைக் கவனிக்கவும்.