சொக்சோ பணம் வரும்போதே நீதிமன்றம் போங்கள்

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 7 ஆண்டுகள் வேலை செய்தேன், சம்பளம் 3,000 வெள்ளி. போன மாதம் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. மணவிலக்கின்போது, இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 900 வெள்ளி கட்டும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலை இழந்தவருக்குச் சொக்சோ (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் உதவித்தொகை சம்பளம் ஆகாது, அதனால் கட்டத் தேவையில்லை என்கிறார் என் மாமா. சரிதானா?
— வாசகர், பினாங்கு

பதில்: உங்கள் மாமாவை நம்பிச் சும்மா இருந்தால் நிலுவைதான் ஏறும். உத்தரவை நீதிமன்றம் மாற்றும் நாள்வரை மாதம் 900 வெள்ளிதான் கணக்கு. மேலும், 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், 92ஆவது பிரிவில், பெற்றோரின் வசதியைப் பார்க்கச் சொல்கிறது. சொக்சோ பணமும் வசதிதான். ஆட்குறைப்பு இழப்பீடும் அப்படியே. 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்கிறது 1980ஆம் ஆண்டு விதிமுறை. உங்கள் 7 ஆண்டுக்கு 140 நாள். ஏறத்தாழ 14,000 வெள்ளி. அதை வாங்கி வைத்துக்கொண்டு "கையில் காசில்லை" என்றால் எந்த நீதிபதி நம்புவார்?

இருந்தாலும் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. வேலைக் காப்புறுதிக்கான 2017 சட்டம் வகுத்தபடி உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. உங்களுக்கு ஏறத்தாழ 2,400, 1,500, 1,200, 1,200, 900, 900. ஐந்தாம் மாதம் வருவது முழுவதும் பிள்ளைகளுக்கே போனால் வாடகைக்கு என்ன செய்வீர்கள்? சந்தா கட்டிய மாதங்கள் குறைவாக இருந்தால் மூன்றாம் மாதத்தோடே நின்றும்விடும். வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் மனுச் செய்ய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆகவே இப்போதே அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 96ஆவது பிரிவின்கீழ் தொகையைக் குறைக்கும்படி மனுப் போடுங்கள். சூழ்நிலை பெரிதாக மாறியிருந்தால் நீதிமன்றம் உத்தரவைத் திருத்தலாம். பலர் ஆறாம் மாதம் நிலுவையையும் சுமந்துகொண்டுதான் வழக்கறிஞரைத் தேடி வருகிறார்கள். அடியோடு நிறுத்தக் கேட்காதீர்கள். புதிய வேலை கிடைக்கும்வரை இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகையை நீங்களே சொல்லுங்கள். பணிநீக்கக் கடிதம், சொக்சோவின் ஒப்புதல் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் வேண்டும். வேலை தேடுவதாகச் சொக்சோவிடம் காட்டும் விண்ணப்பங்களுக்கும் நகல் எடுத்து வையுங்கள். அதே தாள்கள் நீதிமன்றத்திலும் உங்களுக்காகப் பேசும்.

பிள்ளைகளின் தாயிடம் முதலில் நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் சம்மதித்தால் வழக்கு எளிதாக முடியும். ஆனால் வாட்ஸ்அப்பில் "சரி" என்று எழுதியதால் மட்டும் உத்தரவு மாறிவிடாது. சம்மதத்தை நீதிமன்றத்தில் பதிய வேண்டும். இல்லையென்றால், 3 ஆண்டுவரையுள்ள நிலுவையை அவர் பின்னாளில் கடனாகவே வசூலிக்க வழி இருக்கிறது.

வழக்கறிஞர் கட்டணம் பாரமாக இருந்தால் சட்ட உதவி இலாகாவில் கேட்டுப் பாருங்கள். வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். இதையே ஒரு முஸ்லிம் வாசகர் கேட்டிருந்தால் ஷரியா நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

மனு விசாரணைக்கு வரும்வரை 900 வெள்ளியை வங்கி வழியாகவே கட்டுங்கள். முழுவதும் முடியாத மாதத்தில் முடிந்ததைக் கட்டி, ரசீதை வைத்திருங்கள்.