இரவுத் தோட்டத்தில் மேக்ரோ (மிக நெருக்கப் படம்): பூச்சி, சிலந்தி கேள்வி பதில்

நாகர்கோவில்: சார், தொடக்கத்துக்கு ஒரு செட்டிங் சொல்லுங்க. என் படம் ஒன்னு ஆடிப்போகுது, இல்லேன்னா வெளுத்துப்போகுது.

மேனுவல் மோட், ஷட்டர் 1/160, ஐ.எஸ்.ஓ. 200, எஃப்/11 (லென்ஸ் துவார அளவு; எண் ஏறினா துவாரம் சிறுசாகும்). ஃபிளாஷும் மேனுவல்தான், 1/16 பவர். இருட்டில் அசைவை நிறுத்துவது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ். பவர் குறைவா இருந்தா அது எரியும் நேரமும் குறைவு. விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. கை நடுக்கம் படத்தில் தெரியாது. முழு பவருக்கு ஏத்தினா அந்த நேரம் நீளும், அடுத்த படத்துக்கு சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கவும் வேணும்.

படம் முழுக்க வெளுத்தா பவரைக் குறைங்க. வண்டு முதுகில் மட்டும் வெள்ளைத் திட்டு விழுந்தா அது டிஃப்யூசர் (ஃபிளாஷ் ஒளியைப் பரப்பும் மறைப்பு) கோளாறு. பார்சலில் சுத்தி வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டை லென்ஸ் முனைக்கு மேல் வளைச்சுக் கட்டுங்க. பூச்சிக்கும் அதுக்கும் 5, 6 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஃபிளாஷ் முகத்தோட ஒட்டவும் கூடாது. ஒட்டினா நடுவில் மட்டும் பளீர்னு எரியும், பூச்சி மேல் அதே திட்டுதான்.

மண்டி போடுறதுக்கு முன்னால் தரையில் டார்ச் அடிச்சுப் பாருங்க. கட்டுவிரியன் நடமாடுறதும் ராத்திரியில்தான்.

ஈரோடு: எந்த கேமரா வாங்கலாம் அண்ணா?

இருக்கிற கேமரா போதும். டெலி ஜூம் லென்ஸ் இருந்தா முன்னால் ரேனாக்ஸ் டி.சி.ஆர்-250 (லென்ஸ் முனையில் மாட்டும் குளோஸ்-அப் கண்ணாடி) மாட்டுங்க.

தஞ்சாவூர்: எஃப்/22 வெச்சா சிலந்தி முழுசும் ஷார்ப்பா வருமே? ஏன் 11-லேயே நிக்கணும்?

வராது. 1:1 உருப்பெருக்கத்தில் (பூச்சி சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்போது) லென்ஸ் நடந்துக்கிற எஃப் எண், நீங்க வெச்சதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 11 வெச்சா 22, 22 வெச்சா 44. ஃபோகஸ் ஆழம் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவா இருந்தது இரட்டிப்பாகும், உண்மை. ஆனா ஒளியின் விளிம்பு விளைவால் (சின்னத் துவாரத்தில் நுழையும் ஒளி சிதறிப் பரவுறது) ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.06 மி.மீ. வட்டமா விரியும். 24 மெகாபிக்சல் கிராப் (சின்ன அளவு) சென்சாரில் ஒரு பிக்சல் 0.004 மி.மீ.தான். கண்ணு, கால் முடி எல்லாம் ஒரே அளவுக்கு மங்கும்.

சேலம்: ஒத்துக்க மாட்டேன் சார். நான் 1:1-ல் எஃப்/22-ல்தான் எடுக்கிறேன், முடி முடியாத் தெரியுது.

உங்களுது நிக்கானா?

சேலம்: ஆமா, 105 மி.மீ. மைக்ரோ லென்ஸ். கிட்டப் போனா 2.8 தானா 4.8 ஆகுது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. சண்டைக்கே காரணம் அதுதான். நிக்கான் பாடி, கிட்டப் போனதுக்கு அப்புறம் உள்ள நிஜ எண்ணைக் காட்டும். கேனான், லென்ஸில் வெச்ச எண்ணையே காட்டும். உங்க 22-உம் கேனான்காரர் 11-உம் கிட்டத்தட்ட ஒண்ணு. தஞ்சாவூர்க்காரர் கையில் என்ன?

தஞ்சாவூர்: கேனான். அப்போ எனக்கு 11, அவருக்கு 22?

அவ்வளவுதான். இரண்டு எண்ணும் சரி. ஆழம் இன்னும் வேணும்னா எண்ணைத் தொடாதீங்க, சென்சாரைச் சிலந்தியின் பக்கவாட்டுக்கு இணையாத் திருப்புங்க. கண்ணும் காலும் ஒரே தளத்தில் விழும்.

மதுரை: புதுசா கேமரா வாங்கணும், எது பெஸ்ட்?

ஈரோட்டுக்குச் சொன்னதுதான்.

கரூர்: பூச்சியை ஃபிரிட்ஜில் வெச்சு எடுத்தா அசையாதாமே?

வேண்டாம். செத்தும் போகலாம், காலை மடக்கிக் கிடக்கிற தோரணையும் படத்தில் காட்டிக்கொடுக்கும்.

புதுச்சேரி: பின்னணி எப்பவும் கறுப்பாவே வருது.

ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போக மடமடன்னு குறையும். பூச்சிக்கு 5, 10 செ.மீ. பின்னால் ஒரு செம்பருத்தி இலை இருக்கிற கோணமாத் தேடுங்க, பச்சை வந்துடும்.

திருநெல்வேலி: குதிக்கும் சிலந்தி ராத்திரியில் ஒண்ணுகூடக் கிடைக்கலையே?

சுருண்ட இலைக்குள் நூல் பை கட்டித் தூங்கும். பையைப் பிரிக்காதீங்க, காலையில் வாங்க. ராத்திரிக்கு ஓநாய்ச் சிலந்தியைத் தேடுங்க: டார்ச்சை நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் பிடிச்சுப் புல்தரையைப் பார்த்தா கண் பச்சையா மின்னும். டார்ச்சை இடுப்பளவில் பிடிச்சா அந்த மினுமினுப்பு உங்க கண்ணுக்குத் திரும்பி வராது. ஷூ போட்டுக்கிட்டு, தரையைப் பார்த்து.

ஓசூர்: பட்ஜெட் 40,000, என்ன கேமரா...

மேலே படிங்க.

வேலூர்: யூ.வி. (புற ஊதா) டார்ச்சில் ஒளிரும் தேளைப் படம் எடுப்பது எப்படி?

365 நானோமீட்டர் டார்ச் வாங்குங்க. 395-இல் ஊதா வெளிச்சம் கலந்து வரும். முக்காலி, எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 400, சில விநாடி, ஃபிளாஷ் அணைச்சு. இப்பத்தான் தோலுரிச்ச தேள் ஒளிராது, டார்ச்சைக் குறை சொல்லாதீங்க.