எண்ணைத் தட்டினால் அம்புக்குறி ஓடுகிறதா?

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவரின் கேள்வி: அப்பா பழைய விண்டோஸ் 7 கணினியில் தமிழில் கணக்கு எழுதுகிறார். கீபோர்டின் வலப்பக்க எண்களில் 8ஐத் தட்டினால் எண் விழுவதில்லை, மவுஸ் அம்புக்குறி மேலே நகர்கிறது. எழுத்துகளும் அழுத்திப் பிடித்தால்தான் விழுகின்றன. மதர்போர்டு போய்விட்டது, 180 வெள்ளி ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். மேல்வரிசை எண்கள் ஒழுங்காக விழுந்து, வலப்பக்க எண்கள் மட்டும் அம்புக்குறியை நகர்த்தினால் அது பழுதே இல்லை. மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்காக விண்டோஸில் உள்ள ‘மவுஸ் கீஸ்’ வசதி அப்பாவுக்குத் தெரியாமலே விழித்துக்கொண்டிருக்கிறது. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது வரும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவதற்கும் அதே ஆல்ட், ஷிஃப்ட்தானே? விரலை எடுக்குமுன் நம் லாக்கைத் தொட்டால் போதும். பெட்டி ஒன்று எழும்பும், படிக்காமல் என்டர் தட்டுவோம், முடிந்தது கதை.

எழுத்து தாமதமாக விழுவது ‘ஃபில்டர் கீஸ்’. கை நடுக்கம் உள்ளவர்களுக்கானது. வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி அழுத்தியிருந்தால் வரும், மீண்டும் 8 விநாடி அழுத்தினால் போகும். மவுஸ் கீஸையும் அதே மூன்று விசைகளால் அணைக்கலாம்.

ஆனால் நாளைக்கே திரும்பி வரும். விண்டோஸ் விசையுடன் யூ-வை அழுத்தி, கீபோர்டை எளிதாக்கும் பகுதிக்குப் போங்கள். மவுஸ் கீஸ், ஃபில்டர் கீஸ் ஒவ்வொன்றின் அமைப்புக்குள்ளும் குறுக்குவிசைக்கென ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு அப்ளை கொடுங்கள். யாரும் கேட்காத குறுக்குவிசையைத் திறந்தே வைத்துவிட்டு, மூடும் வழியை மூன்று திரைக்கு உள்ளே ஒளித்து வைப்பது என்ன நியாயமோ!

இந்த இரண்டு விசை வழிகளும் பழுதுபார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் ‘போர்டு’ என்று பேச்செடுத்தால், கணினியை முடுக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் ‘பயாஸ்’ அமைப்புத் திரையில் கீபோர்டு வேலை செய்கிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் வருமுன்னே நன்றாக இயங்கினால் வன்பொருளுக்குக் குறையில்லை. ‘டிரைவர் சரிசெய்கிறேன்’ என்று காசு கேட்கும் மென்பொருளும், தொலைவிலிருந்தே கணினியைத் திறக்கச் சொல்லும் அழைப்புகளும் வேண்டவே வேண்டாம். சந்தேகமிருந்தால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

பயாஸிலும் வேலை செய்யாவிட்டால் பின்பக்கம் பாருங்கள். ஊதா நிற வட்டத் துளை கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. இந்த வட்டச் செருகியைக் கணினி ஓடும்போது செருகக் கூடாது. செருகினாலும் மறுபடி முடுக்கும்வரை பெரும்பாலும் கண்டுகொள்ளாது, சில பழைய போர்டுகளில் துளையே கெட்டுப்போகும். முழுதாக அணைத்து, முள் வளையாமல் நேராக அழுத்துங்கள். யூஎஸ்பி கீபோர்டை இந்த வட்டத் துளையில் செருக, சிறிய ஊதா நிற மாற்றுச் செருகி ஒன்றை விற்பார்கள். யூஎஸ்பி, வட்டத் துளை என இரண்டு முறைகளையும் அறிந்த பழைய கீபோர்டுகளுக்குத்தான் அது உதவும், இன்றைய கீபோர்டில் பெரும்பாலும் செத்த குச்சி. அதைவிட, நேராக ஒரு யூஎஸ்பி துளையில் வேறொரு கீபோர்டை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதுவும் ஓடாவிட்டால் மட்டும் போர்டைப் பற்றிப் பேசலாம்.