இடிமழைக்கு அப்புறம் டெஸ்க்டாப் ஆன் ஆகலையா?

செங்கோட்டையில நேத்து இடிமழை, காலைல டெஸ்க்டாப் ஃபேன்கூட சுத்தலன்னு கேட்டிருக்கீங்க தம்பி. முதல்ல அதே பிளக்குல செல்போன் சார்ஜரை மாட்டி கரண்ட் வருதான்னு பாருங்க, வந்துச்சுன்னா பிசியோட பவர் வயரை உருவிட்டு பவர் பட்டனை 30 செகண்ட் அமுக்கிப் பிடிச்சுட்டு திரும்ப மாட்டுங்க. அப்பவும் இல்லன்னா மறுபடி வயரை உருவி, மதர்போர்டுல (உள்ள இருக்கிற மெயின் போர்டு) இருந்து 24 பின் கனெக்டரைக் கழட்டி, அதுல பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால இணைச்சு வச்சுட்டு அப்புறமா கரண்ட் குடுங்க, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை பெட்டி) ஃபேன் சுத்தலன்னா அனேகமா போனது அதுதான். சுத்துச்சுன்னா கேபினட் சுவிட்ச், மதர்போர்டு பக்கம் பாக்கணும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தயவுசெஞ்சு பிரிக்காதீங்க, பிளக்கை எடுத்த பிறகும் அதுக்குள்ள கரண்டை சேத்து வைக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேலகூட நிக்கலாம். புனலூர் பக்கம் மேகம் கறுத்தாலே நாங்க பிளக்கை உருவிடுவோம், கூடவே இன்டர்நெட் வயரையும்.