வார்டு முழுக்க நடந்தும் எடை ஏன் குறையவில்லை?

கேள்வி: வயது 38. அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. டியூட்டி முழுக்க வார்டில் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். ஆனாலும் எல்லோரும் "வாக்கிங் போங்க" என்கிறார்கள். இதற்கு மேல் எங்கே நடப்பது?

பதில்: உங்கள் அலுப்பு நியாயமானது, சிஸ்டர். ஆனால் வார்டில் நடப்பது துண்டு துண்டான நடை. நாலு எட்டில் டிரிப் மாற்றுகிறீர்கள், பத்து எட்டில் ஊசி போடுகிறீர்கள், பிறகு கேஸ் ஷீட் எழுத நின்றுவிடுகிறீர்கள். கால் ஓய்ந்துபோகிறது, மூச்சு மட்டும் ஏறுவதில்லை. அந்த நடை வீண் இல்லை, வேகம்தான் போதாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மிதமான வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டு. பேச முடியும், பாட்டுப் பாட முடியாது.

பகல் டியூட்டி என்றால், வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகு கிளம்ப மனம் வராது. வழியிலேயே இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்துவிடுங்கள். இரவு உணவுக்குப் பின் ஒரு பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடந்தால் ரத்தச் சர்க்கரைக்கும் நல்லது.

நைட் டியூட்டி முடிந்த காலையில் மட்டும் வாக்கிங் வேண்டாம். அந்த வெயில் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் பொரித்ததற்கும்தான் நாக்கு அலையும். வீட்டுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள். நடையை மாலையில், டியூட்டிக்குக் கிளம்பும் முன் வைத்துக்கொள்ளலாம்.

நடை மட்டுமே எடையைக் குறைத்துவிடாது. உங்கள் எடையில் அரை மணி நேர வேகநடைக்குச் சுமார் 150 கலோரி செலவாகும். இரவில் கண் விழிக்க நாலு டீ, தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அந்தச் சர்க்கரையே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸ் கணக்கு தனி! டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் கொண்டுபோங்கள்.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 30-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 25-லேயே உடல் பருமன் என்று கணக்கு. பயப்பட வேண்டாம். முதல் இலக்காக 4 கிலோ போதும், அந்த அளவு குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். அதற்குள் தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். நோயாளிகளுக்கு நாள் தவறாமல் ரத்தம் எடுக்கும் சிஸ்டர்கள் தங்களுக்கு மட்டும் வருடக்கணக்கில் பார்ப்பதில்லை.

நர்ஸ்களை மேற்பார்க்கும் மேட்ரன்களுக்கும் ஒரு வார்த்தை. அதிக எட்டு நடந்தவருக்குப் பரிசு என்று போட்டி வைப்பதைவிட, ஷிஃப்டுக்கு நடுவே மாற்றாள் நிறுத்திப் பதினைந்து நிமிடம் விடுவித்தால் சிஸ்டர்கள் தாங்களே நடப்பார்கள்.

குதிகால் வலி இருந்தால் தட்டைச் செருப்பை விட்டுவிட்டு, குஷன் உள்ள ஷூவுக்கு மாறிய பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.