ஒரே பாட்டைக் கேட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரியில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கலைவிழாவில் 'ஆப்பிரிக்காவை இணைக்கும் கலை' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறோம். தொகுத்துப் பேசவேண்டியது நான். ஒருவர் கலையை ஒருவர் அறியாததால்தானே இனங்கள் சண்டையிடுகின்றன? கலைக்கு மொழி கிடையாது, அது எல்லோரையும் இணைக்கும் என்று பேச நினைத்திருக்கிறேன். நல்ல உதாரணங்கள் சொல்வீர்களா?

ர., கோவை

அன்புள்ள ர.,

'கலைக்கு மொழி கிடையாது' என்ற வரியை அழைப்பிதழ் அச்சடிக்கிற கடையிலேயே ரெடியாக வைத்திருப்பார்கள் போல. போகட்டும். ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள் என்பதை போஸ்டர் அடிக்கும் முன் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும். நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்களுடைய இன்னொரு வரிக்காக. 'ஒருவர் கலையை ஒருவர் அறியாததால்தானே.' கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

ருவாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹூட்டு, டுட்சி என்று இரண்டு இனங்கள். இரண்டும் பேசுவது ஒரே கின்யர்வாண்டா மொழி. சர்ச் ஒன்று, சந்தை ஒன்று, பாட்டும் ஆட்டமும் ஒன்று. முகத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாததால்தான் 1994-ல் ஹூட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைக் கொல்லக் கிளம்பியபோது, சாலைத் தடுப்புகளில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். இனத்தை அட்டையில் எழுதும் வழக்கம் 1930-களில் பெல்ஜியர்கள் கொண்டுவந்தது. 100 நாளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் செத்தார்கள். இதில் யார் யாருடைய கலையை அறியாமல் இருந்தார்கள், சொல்லுங்கள்?

அந்தக் கொலைக்குக் கலையும் கூலி வேலை பார்த்தது. டுட்சிகள் மேல் வெறுப்பைத் தூண்டிவிட்ட, 1993-ல் தொடங்கிய 'ஆயிரம் மலைகளின் வானொலி'யை இளைஞர்கள் விரும்பிக் கேட்டதே அதன் பாட்டுக்கும் கேலிக்கும்தான். சிமோன் பிகிண்டி என்ற புகழ்பெற்ற பாடகரின் பாட்டுகள் அதில் திரும்பத் திரும்ப ஒலித்தன. 2008-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அவருக்கு 15 ஆண்டு சிறை கொடுத்தது. பாட்டுகளுக்காக அல்ல, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போய் டுட்சிகளைக் கொல்லச் சொன்னதற்காக. பாட்டு தப்பித்துவிட்டது. பாட்டு எப்போதும் தப்பித்துவிடும்.

இதை எழுதும்போது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோ ஞாபகம் வருகிறது. கூரைமேல் குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் திரையிசை. நாங்கள் ஆலமரத்துத் திண்ணையில் இருப்போம், காலனிப் பையன்கள் வாய்க்கால் மதகில். இரண்டு பக்கமும் அதே டி.எம்.எஸ். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் அச்சு அசலாக அவரைப் போலப் பாடுவார். அவர் எடுத்துவிட்டால் மதகிலிருந்து முதல் விசில் வரும். ஒரு மாசித் திருவிழாவில், தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு. அன்று ராத்திரி காலனியில் 4 கூரைகள் எரிந்தன. பந்தம் பிடித்துப் போனவர்களில் அந்த அண்ணனும் இருந்தார். மறுநாள் சாயங்காலம் ரேடியோ வழக்கம்போலப் பாடியது. மதகில்தான் யாரும் இல்லை. அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் வெறுக்க முடியவில்லை, அதுதான் கஷ்டம்.

அப்படியானால் கலையால் ஒன்றுமே ஆகாதா என்று உடனே கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள் அம்மா. அதே ருவாண்டாவில் 2004-ல் 'முசேகெவேயா' என்றொரு வானொலி நாடகம் தொடங்கியது. புது விடியல் என்று பொருள். பகைத்துக்கொண்ட இரண்டு மலைக் கிராமங்களின் கதை. பாலக் என்ற உளவியல் ஆய்வாளர் ஓராண்டு சில ஊர்க்காரர்களைக் கூட்டி இந்த நாடகத்தைக் கேட்கவைத்தார். வேறு சில ஊர்களுக்கு உடல்நலம் பற்றிய நாடகம். கடைசியில் பார்த்தால், ஆட்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. உங்கள் நிகழ்ச்சிக்கு ஏமாற்றம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று சொல்ல வாய் வந்திருந்தது.

எனக்குப் பிடித்தது அந்த ஆய்வின் முடிவில் வரும் ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டேப் ரெக்கார்டரும் நாடக கேசட்டுகளும் பரிசாகக் கொடுத்தார்கள். உடல்நல நாடகம் கேட்டவர்கள், ஊர் அதிகாரியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். பகை நாடகம் கேட்டவர்களோ உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்கள். எதற்கு அதிகாரியிடம், நாமே பொதுவில் பார்த்துக்கொள்வோம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். யாரும் யாரையும் கட்டித் தழுவவில்லை. ஒரு பெட்டியைப் பற்றிக் கூடிப் பேசினார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட உதாரணப் பட்டியலை நான் தரவே இல்லை. சரி, இந்த டேப் ரெக்கார்டரை வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடப் பேச்சுக்குத் தாங்கும். அப்புறம் ஒன்று. உங்கள் மாணவர்களில் யாராவது ருவாண்டாவிலிருந்து வந்திருந்தால், உற்சாகத்தில் மேடையில் வைத்து 'நீங்கள் ஹூட்டுவா, டுட்சியா' என்று கேட்டுவிடாதீர்கள். அட்டையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மெதுவாகக் குனிந்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்பார் இல்லையா, அதேதான் அது.