1650 வாக்கில் பிறந்த ஜெர்மன் முன்னோரைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் கணவர் ஜெர்மானியர். அவர்கள் வீட்டுப் பழைய பைபிளில், 1650 வாக்கில் பிறந்த ஒரு நெசவாளரின் பெயரும் 'வுர்ட்டம்பெர்க்' என்ற குறிப்பும் இருக்கின்றன. அவரைப் பற்றி மேலும் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

முதலில் அவருடைய ஊரைக் கண்டுபிடியுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அதே பெயரில் பலர் வருவார்கள், உங்களவர் யார் என்று சொல்லவே முடியாது. அன்றைய ஜெர்மனி நூற்றுக்கணக்கான சிற்றரசுகளாகவும் தனி நகரங்களாகவும் சிதறிக் கிடந்தது. ஒரு கிராமம் யார் ஆட்சியில் இருந்தது, அங்கே எந்தக் கிறிஸ்தவச் சபை இருந்தது என்பது தெரிந்தால்தான் ஆவணம் எங்கே இருக்கும் என்று தெரியும்.

அந்த நெசவாளரிடமிருந்து தொடங்காமல், உங்கள் கணவரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே போங்கள். 1876 முதல் ஜெர்மனி முழுவதும் ஸ்டாண்டெஸாம்ட் என்ற அரசு அலுவலகம் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்தது. அதற்கு முன்னால் பெரும்பாலான இடங்களில் சபைப் பதிவேடுகள்தான். தென்மேற்கு ஜெர்மனியில் இருக்கும் வுர்ட்டம்பெர்க் லுத்தரன், அதாவது புராட்டஸ்டன்ட் பகுதி என்பதால் உங்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். அங்கே 1558லேயே பதிவேடு எழுதச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அந்தப் பதிவேடுகளை ஆர்கியோன் தளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கத்தோலிக்க ஊர் என்றால் மட்ரிகுலா தளத்தைப் பாருங்கள், அது இலவசம். ஆனால் எல்லா மறைமாவட்டங்களும் அதில் இல்லை.

கையெழுத்துதான் பலரைப் பயமுறுத்துகிறது. குரென்ட் என்ற அந்தப் பழைய எழுத்தை இன்றைய ஜெர்மானியர்களிலேயே பெரும்பாலானோருக்குப் படிக்கத் தெரியாது. நேரே 1650க்குப் போகாமல், அதே ஊரின் 1800களின் பக்கங்களில் பழகுங்கள். அதே குடும்பப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும், கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே குடும்பப் பெயர் மூன்று விதமாக இருக்கும். பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' சேரும்: ம்யூல்லர் குடும்பத்துப் பெண் ம்யூல்லரின். அண்ணன் தம்பி எல்லோருக்கும் முதல் பெயர் யோஹான் என்றே இருக்கலாம், கூப்பிடும் பெயர் இரண்டாவதுதான். அப்புறம், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குச் சாட்சியாக நிற்பவர்கள்) பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறியப் பல நேரங்களில் அவர்கள்தான் கைகொடுப்பார்கள். தேதியிலும் கவனம் வேண்டும். புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700ல்தான் புதிய நாள்காட்டிக்கு மாறின. அதுவரை கத்தோலிக்க ஊர்களுக்கும் இவர்களுக்கும் பத்து நாள் வித்தியாசம்.

முப்பதாண்டுப் போரின் நடுவே, 1634ல் நோர்ட்லிங்கன் சண்டையில் தோற்றபின் வுர்ட்டம்பெர்க் சூறையாடப்பட்டது, கூடவே கொள்ளைநோயும் வந்தது. பல ஊர்களில் பதிவேடுகளே எரிந்துபோயின. உங்கள் நெசவாளரின் அப்பாவோடு தடம் அறுந்துபோனால், அந்தக் குடும்பம் அந்த ஊரே இல்லையோ என்றும் பாருங்கள். போருக்குப் பின் வெறிச்சோடிய கிராமங்களுக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து நிறையப் பேர் குடிவந்தார்கள். திருமணப் பதிவில் 'பெர்ன் பகுதியைச் சேர்ந்தவர்' என்று ஒரு வரி இருந்தால் தேடல் அங்கே போய்விடும்.

இவ்வளவும் செய்தால் பெயரும் தேதியும் கிடைக்கும். ஆனால் பலர் அதோடு நிறுத்திவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மனிதர் கிடைப்பது அடுத்த ஆவணத்தில்தான். வுர்ட்டம்பெர்க்கில் திருமணத்தின்போதும் இறப்பின்போதும் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பட்டியலிட்டு விலை போட வேண்டும் என்று 1555ல் சட்டம் வந்தது. மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்பதால் ஒன்றையும் விடாமல் எழுதினார்கள். இந்தப் பட்டியல்கள் 'இன்வென்டூரன் உண்ட் டைலுங்கன்' என்ற பெயரில் ஊராட்சி, நகராட்சி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.

என் கணவரின் குடும்பத்தில் 1690களில் இறந்த ஒரு நெசவாளியின் மனைவிக்கு எழுதிய பட்டியலை மாமனாரும் நானும் உட்கார்ந்து படித்தோம். பாதி வீடு. நிலவறையில் கால் பங்கு. சாமான்களோடு ஒரு தறி. ஒரு பசு. பைபிள் ஒன்று, பாட்டுப் புத்தகம் ஒன்று. கறுப்புப் பாவாடை, 'பழையது' என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே குல்டன், க்ரொய்ட்ஸரில் விலை. அடுத்த பக்கத்தில் கடன்கள்: நூல் வாங்கிய பாக்கி, அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கிய தானியம். அதுவரை எனக்கு அவர் ஒரு பெயர்தான். அந்தப் பாதி வீட்டில் தறியையும் குழந்தைகளையும் எங்கே வைத்திருப்பார் என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன்.

இதே போல, 1640களில் தொடங்கிய சபை ஒழுங்கு மன்றங்களின் குறிப்பேடுகளையும் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது, கெட்ட வார்த்தை பேசியது, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் அதில் வரும்.

இணையத்தில் யாரோ போட்டிருக்கும் வம்சாவளி மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவேட்டின் பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பெயரையும் சேர்க்காதீர்கள். காப்பகத்துக்கு ஜெர்மன் மொழியில் சுருக்கமாக எழுதுங்கள்: ஊர், பெயர், திருமணமும் இறப்பும் நடந்த ஆண்டுகள். அந்த ஆண்டுகள் தெரிந்தால், இருக்கிறதா இல்லையா என்று அவர்களால் எளிதில் பார்த்துச் சொல்ல முடியும்.